மகரந்தத்தின் மேலுறையும் நோய்வித்தியின் கவசமும்

பதுளையைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் படிப்படியாக அமைந்த வயல்களில் நெற்பயிர் பூக்குங் காலத்தில், காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் வரம்பின்மேல் நின்று கதிர் ஒன்றை மெல்லத் தட்டுவோர், இளமஞ்சள் நிறத் தூள் சிறிது பறப்பதைக் காண்பர். அதே ஊரின் மேட்டுநிலத் தோட்டத்தில் நிற்கும் கோப்பிச் செடியின் இலையைத் திருப்பி அடிப்புறத்தைத் தடவுவோர், செம்மஞ்சள் நிறத் தூள் விரலில் ஒட்டக் காண்பதும் உண்டு. முன்னது மகரந்தம், அஃது இன்றேல் நெல்மணி இல்லை. பின்னது பங்கசு ஒன்றின் வித்தி. இலங்கையின் கோப்பிச் செய்கையை ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் வீழ்த்தியது அதுவே.

ஒன்று பயிரை வளர்ப்பது. மற்றையது பயிரை அழிப்பது. ஆயினும் இவ்விரண்டும் ஒரே இடரை எதிர்நோக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறு கலமொன்று தாயுடலை விட்டுப் பிரிந்து, வெயிலிலும் காற்றிலும் மழையிலும் தனியே பயணஞ்செய்து, தனக்குரிய இடத்தை அடைதல் வேண்டும். அப்பயணத்துக்காக இயற்கை அதற்கு அளித்துள்ளது ஒரு மேலுறை. அவ்வுறையின் வலிமையையும் குறையையும் அறிந்த கமக்காரர், எந்த நோய்க்கு எப்போது மருந்து தெளித்தல் வேண்டும், எதனை வெயிலே கொன்றுவிடும், எதனை நிலத்துள் புகவிடாமற் காத்தல் ஒன்றே வழி என்பவற்றைத் தாமே உய்த்துணரலாம்.

உறையின் அமைப்பு

நெல்லின் மகரந்தமணி ஒரு மில்லிமீற்றரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவான சிறு உருண்டையாகும். நுணுக்குக்காட்டியினூடாக நோக்குமிடத்து அதன் சுவர் இரண்டு படைகளாலாயது என்பது புலனாகும். உட்படை மென்மையானது, செடியின் ஏனைய கலச்சுவர்களைப் போன்றது. வெளிப்படையோ தடித்து, உறுதியாய், மெழுகினும் கொம்பினும் வேறான தனித்த ஒரு பொருளாலாயது. ஸ்போரோபொலெனின் என்பது அப்பொருளின் பெயர். பன்னங்களின் இலைக்கு அடியிற் காணப்படும் கபிலநிறத் தூளான வித்திகளும் இதே பொருளையே போர்த்துள்ளன. தாவரங்கள் நீரை விட்டு நிலத்திற் குடியேறத் தொடங்கிய ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலும் இவ்வகை உறையுள்ள வித்திகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

உயிர்கள் ஆக்கும் பொருள்களுள் மிக உறுதியானவற்றுள் இதுவும் ஒன்று. செறிந்த அமிலங்கள் பலவற்றிற் கொதிக்கவைப்பினும் இது கரைவதில்லை, காரத்தாலும் கரைவதில்லை. மண்ணிலுள்ள பற்றீரியாக்களும் பங்கசுக்களும் இதனை எளிதில் உண்ணமாட்டா. இதன் அமைப்பை வேதியியலார் நெடுங்காலம் அறியமுடியாதிருந்ததும் இக்காரணத்தாலேயே. உடைக்க முடியாத பொருளை ஆராய்வது எங்ஙனம்? பைன் மரத்தின் மகரந்த உறையை நுண்பொடியாக அரைத்துச் சிதைத்து, அதன் மூலக்கூற்றமைப்பின் பெரும்பகுதியை அமெரிக்க ஆய்வாளர் வெளிப்படுத்தியது 2018ஆம் ஆண்டின் இறுதியிலேயாகும். இவ்வுறைக்கும் எல்லையுண்டு. தீயும், வலிய ஒட்சியேற்றும் பொருள்களும் இதனை அழிக்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் இது மெல்ல மெல்லச் சிதையும். நீர் தேங்கிக் காற்றுப் புகாத சேற்றிலோ பல்லாயிரம் ஆண்டு நிலைத்திருக்கும்.

உறையின் மேற்பரப்பு எல்லாச் செடியிலும் ஒரேவிதமானதன்று. காற்றினாற் பரவும் நெல், சோளம் ஆகியவற்றின் மகரந்தம் வழவழப்பானது, உலர்ந்தது. பூசணியின் மகரந்தமோ வெறுங்கண்ணுக்கும் தெரியுமளவு பெரிது, முட்கள் நிறைந்தது, பசைத்தன்மையுடையது. அதனைக் காற்று தூக்கிச் செல்லாது. தேனீயின் உடல் உரோமத்தில் ஒட்டியே அது பெண்பூவை அடைதல் வேண்டும். பூசணிப் பூ விடியற்காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். ஆதலின் அந்த வேளையிற் பூச்சிநாசினி தெளிக்கும் கமக்காரர் தம் காயைத் தாமே குறைத்துக்கொள்பவராவார்.

கோவாவின் மகரந்தத்திலோ மேலுறையைப் பூசியுள்ள பசையில் ஒரு புரதம் உண்டு. பூவின் குறி அப்புரதத்தைக் கொண்டே வந்த மகரந்தம் தன்னுடையதா, பிறிதொரு செடியினதா என அறிகின்றது. தன்னுடையதாயின் முளைக்கவிடாது தடுக்கின்றது. இப்பண்பைப் பயன்படுத்தியே கலப்பினக் கோவா விதைகள் பல உண்டாக்கப்பட்டன.

வாயில் இல்லாத கவசம் இல்லை

எத்துணை வலிய உறையாயினும் அதில் ஒரு வாயில் இருத்தல் வேண்டும். நெல்லின் மகரந்தமணியில் வட்டமான ஒரேயொரு துளை உண்டு. மணி குறியின்மேல் விழுந்து ஈரத்தை உறிஞ்சியதும் அத்துளை வழியே மெல்லிய குழலொன்று வெளிப்பட்டுச் சூலகத்தை நோக்கி இறங்கும். பங்கசு வித்தியும் அவ்வாறே இலைமேல் நீர்பட்டதும் முளைக்குழல் ஒன்றை நீட்டும். உறைக்குள் இருக்கும்வரை காக்கப்பட்டிருந்த உயிர், குழலை நீட்டிய அந்நேரத்தில் காப்பற்றதாகின்றது. நன்மை தரும் தூளாயின் அந்நேரத்தில் அதனைப் பேணல் வேண்டும். தீமை தரும் தூளாயின் அந்நேரத்தில் அதனைத் தாக்கல் வேண்டும். இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான உண்மை இதுவே.

ஓட்டன் சமவெளிச் சேறு கூறும் செய்தி

பதுளை மாவட்டத்தின் மேற்கெல்லையில் ஓகியாவுக்கு மேலே உயர்ந்து நிற்பது ஓட்டன் சமவெளி. நுவரெலியா மாவட்டத்தைச் சார்ந்த இச்சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்குள்ள சதுப்புகளில் ஆண்டுதோறும் விழுந்த மகரந்தம் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றது. அச்சேற்றைக் குழாயிட்டு எடுத்து, மண்ணையும் மணலையும் அமிலங்களாற் கரைத்து நீக்கினால் எஞ்சுவது மகரந்தத்தின் மேலுறையே. எந்த அடுக்கில் எந்தச் செடியின் உறை மிகுந்துள்ளது என எண்ணிப் பார்த்து, அக்காலத்து மழையையும் காட்டையும் பயிரையும் அறிதல் கூடும்.

இலங்கை ஆய்வாளரான பிரேமதிலக்க, சுவீடன் நாட்டு ஆய்வாளரான றிஸ்பேர்க் என்பாருடன் இச்சேற்றை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் காலநிலை வரலாறு அச்சேற்றில் அடங்கியுள்ளது. பருவமழை குன்றிய காலமும் மிகுந்த காலமும் அங்கே பதிவாகியுள்ளன. பார்லி, ஓட்ஸ் ஆகிய தானியங்களையும் பின்னர் நெல்லையும் மனிதர் அம்மலையிற் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கையாண்டமைக்கு அறிகுறிகள் உண்டு என்பதும் அவர்கள் கருத்தாகும். புல்லினச் செடிகள் அனைத்தின் மகரந்தமும் ஒரு துளையுடைய உருண்டையாகவே இருத்தலால், காட்டுப் புல்லையும் பயிரிட்ட தானியத்தையும் பிரித்தறிவது அரிது. ஆதலின் பயிர்ச்செய்கை தொடங்கிய காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், மலையிற் பூத்த ஒரு புல்லின் தூள் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் துளையும் சுவரும் குலையாமல் எடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

உறை நிலைக்கும், உயிர் நிலையாது

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். சேற்றில் நிலைத்திருப்பது உறை மாத்திரமே. உள்ளிருந்த உயிர் அன்றே போயிற்று. நெல்லின் மகரந்தம் பையிலிருந்து வெளிப்பட்ட பின் ஐந்து முதற் பத்து நிமிடங்களுக்குள் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். உறை ஆயிரமாயிரம் ஆண்டு நிற்க, உயிர் வெற்றிலை ஒன்றை மென்று முடிக்கும் நேரமும் நில்லாது. நெற்செய்கையில் வரும் பதர்களுள் ஒரு பகுதிக்குக் காரணம் இக்குறுகிய வாழ்நாளே.

பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை சதமளவைக்கு மேற்செல்லுமாயின் நெல்லின் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். ஊவாவின் தாழ்நிலமான மகியங்கனைப் பகுதியில் இது கவனிக்கத்தக்கது. வெலிமடை, ஊவா பரணகமை போன்ற உயர்ந்த இடங்களில் இடர் வேறுவகையினது. அங்கே பெரும்போகப் பயிரை மார்கழி, தை மாதக் குளிர் இரவுகள் தாக்குகின்றன.

குளிரின் கேடு பூக்கும்போது அன்றி, அதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. மகரந்தமணி தன் மேலுறையைத் தானே முழுவதும் ஆக்கிக்கொள்வதில்லை. மகரந்தப்பையின் உட்புறத்தை அடுத்துள்ள கலப்படையொன்று, தாய் குழந்தைக்கு ஊட்டுவது போல, உணவையும் உறைக்கு வேண்டிய பொருளையும் அதற்குச் சுரந்தளிக்கின்றது. கதிர் வெளிவருவதற்கு ஏறத்தாழப் பத்து முதற் பதினான்கு நாட்களுக்கு முன், பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது இவ்வேலை நடைபெறுகின்றது. அந்நாட்களில் இரவுக் குளிர் தொடர்ந்து மிகுமாயின் அக்கலப்படை சீர்கெடும், மகரந்தமணிகள் வெறுமையாகும், பூ பூத்தும் மணி பிடிக்காது. வெளித்தோற்றத்திற் பயிர் செழித்தே நிற்பதால், நேர்ந்த கேடு அறுவடையிலன்றித் தெரியவராது.

இதற்குச் செய்யக்கூடியவை சில உள. கதிருக்கு முன் விரியும் கடைசி இலையின் கழுத்து, அதற்குக் கீழுள்ள இலையின் கழுத்தோடு ஒரே மட்டத்தை அடையும் நாட்களே மிகவும் நொய்தான நாட்கள். அந்நாட்களிற் குளிர் மிகுமாயின் வயலில் நீரை 15 முதல் 20 சதமமீற்றர் ஆழத்துக்கு நிறுத்தலாம். தண்டினுள் இருக்கும் இளங்கதிரை நீர் போர்வைபோற் சூழ்ந்து, இரவுக் குளிரிலிருந்து காக்கும். யப்பான் நாட்டின் குளிர்ப்பகுதிக் கமக்காரர் இம்முறையைக் கையாளுகின்றனர். இரண்டாவதாக, மலையருவியின் நீர் குளிர்ந்ததாதலின் அதனை நேரே வயலுட் பாய்ச்சாது, நீண்ட வாய்க்காலில் அல்லது மேல் வரவையொன்றில் வெயில் படவிட்டுப் பின் பாய்ச்சுதல் நன்று. நீர்வாயை அடுத்த இடத்திற் பதர் மிகுந்திருப்பதைக் கண்டோர் இதன் காரணத்தை உணர்வர். மூன்றாவதாக, குடலைப் பருவம் கடுங்குளிரில் அகப்படாதவாறு விதைக்கும் நாளை அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

மடுல்சீமையில் 1869

மகரந்தத்தை விட்டு இனி வித்திக்கு வருவோம். பங்கசு வித்தியின் சுவர் ஸ்போரோபொலெனினால் ஆயதன்று. கைற்றின் எனப்படும் பொருளும் அதனோடு சேர்ந்த பிற பொருள்களும் அதில் உள்ளன. சிலவற்றில் மெலனின் என்னும் கருநிறப் பொருளும் சேர்ந்திருக்கும். பொருள் வேறாயினும் தொழில் ஒன்றே. இதனை இலங்கை அறிந்துகொண்டது பதுளை மாவட்டத்திலேயே. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது.

பசறைக்கு அப்பாலுள்ள மடுல்சீமைத் தோட்டங்களில் 1869ஆம் ஆண்டு மே மாதத்தில் கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சள் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பங்கசுகளை ஆராய்வதிற் பெயர்பெற்றிருந்த பேர்க்கிலி என்பார் அதே ஆண்டு நவம்பரில் அதற்கு எமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். எமிலேயா என்பதன் பொருள் ‘அரைப்பங்கு வழவழப்பானது’ என்பதாகும். அவ்வித்தி தோடம்பழச் சுளை போன்ற வடிவினது, அதன் வளைந்த முதுகுப்புறம் முழுவதும் நுண்ணிய முட்கள் நிறைந்தது, வயிற்றுப்புறம் வழவழப்பானது. உறையின் தோற்றமே நோய்க்குப் பெயராயிற்று. பெயரின் பிற்பகுதி ‘பாழாக்குவது’ எனப் பொருள்படும். அப்பெயரின் உண்மையை அறியத் தோட்டக்காரருக்கு நெடுநாள் செல்லவில்லை.

நோய் சில ஆண்டுகளுக்குள் தீவின் கோப்பி நிலங்கள் எங்கும் பரவிற்று. 1870களின் இறுதியில் 2,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற் கோப்பி நின்றது. குன்றுக்குப்பின் குன்றாக, இடையிற் காடு விடாது, ஒரே பயிர் நின்றமையால் ஒரு செடியிலிருந்து பறந்த வித்தி விழுந்த இடமெல்லாம் மற்றொரு கோப்பி இலையாகவே இருந்தது. இந்நோயை ஆராய்வதற்காக 1880ஆம் ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் 1882 வரை இங்கு உழைத்தார். பசைப்பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்து எண்ணினார். வித்தி இலைமேல் நீர்த்துளியில் முளைத்து, இலையின் அடிப்புறத்துச் சுவாசத் துளைவழி உட்புகுவதைக் கண்டார். ஓர் இலைப்புள்ளியில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வித்திகள் உண்டாதலையும் அறிந்தார். இலையின் உள்ளே புகுந்த பின் எம்மருந்தாலும் பயனில்லை. வெளியே முளைக்கும் வேளையில் மாத்திரமே அதனைத் தடுத்தல் கூடும் என்பது அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று. ஆயினும் காலம் கடந்துவிட்டது. செம்பும் சுண்ணாம்பும் கலந்த போடோக் கலவையின் பயன் பிரான்சில் வெளிப்பட்டது 1885ஆம் ஆண்டளவிலேயே.

1884ஆம் ஆண்டிற் கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. பலர் நிலத்தை விட்டகன்றனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை, கோப்பி நின்ற மலைகளையெல்லாம் மூடிற்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து மீள்வது தொழிலாளரிடையே பெருவழக்காயிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின. ஊவாவின் மலைத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் வரலாற்றில் அந்தச் சுளைவடிவான வித்திக்கும் பங்கு உண்டு.

இவ்வித்தி உலர்ந்த நிலையிற் சில கிழமைகள் உயிரோடிருக்கும். அதற்குள் நெடுந்தூரம் செல்லும். 1970ஆம் ஆண்டில் அது பிரேசில் நாட்டிலும் காணப்பட்டது. இன்றும் வீட்டுத்தோட்டத்திற் கோப்பி வைத்திருப்போர், மழை தொடங்குமுன் செம்புசேர் பங்கசுநாசினியை இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தல் வேண்டும். முள்ளுறைக்குள் வித்தி உறங்கும்போது மருந்து எளிதில் உட்புகாது. முளைக்குழல் வெளிவரும்போது மருந்து அங்கே முன்னரே காத்திருத்தல் வேண்டும். புள்ளி விழுந்தபின் தெளிப்பது, கள்வன் உட்புகுந்த பின்னர்க் கதவடைப்பதை ஒக்கும்.

மெல்லுறையும் வெயிலும்

எல்லா நோய்வித்தியும் வலிய உறை பூண்டதன்று. 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றியபோது, கோப்பிக்கு நேர்ந்தது தேயிலைக்கும் நேருமோ எனப் பலரும் அஞ்சினர். ஆயின் அதன் வித்தி மெல்லிய சுவரினது; வெயிலையும் வறட்சியையும் தாங்கமாட்டாது; தேயிலையின் இளங்கொழுந்திலன்றி வேறிடத்தில் வாழவும் மாட்டாது. வெயில் நேரம் மிகுந்த நாட்களில் நோய் தானே தணிவதை ஆய்வாளர் கண்டு, வெயில் அளவைக் கொண்டே மருந்து தெளிக்கும் நாளைக் குறிக்கும் முறையையும் வகுத்தனர். மழைக்காலத்தில் நிழல்மரங்களைக் கழித்து வெளிச்சம் படவிட்டும், செம்பு மருந்து தெளித்தும் தேயிலை காப்பாற்றப்பட்டது. கோப்பியை வீழ்த்திய வித்திக்கும் தேயிலையை வீழ்த்தமாட்டாத வித்திக்கும் உள்ள வேறுபாடுகளுள் உறையின் வலிமையும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

உருளைக்கிழங்கையும் தக்காளியையும் தாக்கும் பின்வெளிறல் நோயின் காற்றிற் பறக்கும் வித்திகளும் இவ்வகையினவே. உலர்ந்த வெயிலில் அவை சில மணிநேரத்தில் மடியும். மூடுபனியிலும் தூறலிலும் பெருகும். ஆதலின் செடிகளுக்கிடையே காற்றும் வெளிச்சமும் புக இடைவெளி விடுதல், மாலையில் இலைமேல் நீர் தெளியாது காலையிற் பாய்ச்சுதல், கழித்த கிழங்குகளைத் தோட்டத்து மூலையிற் குவியாது ஆழப் புதைத்தல் ஆகியவை மருந்துக்கு நிகரான பயன்தரும். கழிவுக் கிழங்கினுள்ளே நோய் உயிரோடிருந்து, அடுத்த போகத்திற்கு வித்தாகும் என்க.

கருங்கவசம் பூண்ட எரிபந்தம்

நெல்லின் எரிபந்த நோய் குலைநோய் எனவும் வழங்கும். அதன் கவசம் வியப்புக்குரியது. காற்றில் வரும் வித்தி மெல்லியது. பனிபெய்த இலையில் அது முளைத்து, குழலின் நுனியிற் சிறு குமிழொன்றை அமைத்துக்கொள்ளும். அக்குமிழின் சுவரிற் கருநிற மெலனின் படிந்தபின் உள்ளே அமுக்கம் ஏறத் தொடங்கும். மோட்டார் வண்டிச் சில்லின் காற்றமுக்கத்தைப் போல் முப்பது மடங்குக்கு மேற்பட்ட அந்த அமுக்கத்தால், ஊசிபோன்ற முளை இலைத்தோலைத் துளைத்து உட்செல்லும். கருங்கவசம் இன்றேல் அமுக்கம் நில்லாது; துளைத்தலும் நிகழாது. திரைசைக்கிளசோல் என்னும் மருந்து பங்கசைக் கொல்லாது, அக்கருநிறப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றது. கவசத்தைப் பறித்தால் பகைவன் தானே வலியிழப்பான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதனாற் பெறப்படும் பாடம் யாதெனின், எரிபந்த மருந்து நோய் வருமுன் இலையில் இருத்தல் வேண்டும் என்பதே. கழுத்தெரிபந்தம் கதிரைத் தாக்கிய பின்னர் மருந்திட்டுப் பயனில்லை. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுவதால் இலை மென்மையாகி முளைக்கு இடங்கொடுக்கும். எதிர்ப்புச் சக்தியுள்ள நெல்லினத்தைத் தெரிவதும், நோயுற்ற வயலின் நெல்லை விதைக்கு வையாமையும் மருந்துக்கு முற்பட்ட காப்புகளாகும்.

நிலத்துள் உறங்கும் வித்தி

ஊவாவின் மரக்கறிச் செய்கையாளர் யாவரினும் அஞ்சத்தக்கது, கோவாவையும் அதன் இனத்தையும் தாக்கும் வேர்வீக்க நோயாகும். நண்பகலிற் செடி வாடி மாலையில் தேறும். பிடுங்கிப் பார்த்தால் வேர் திரண்டு கதாயுதம் போற் பருத்திருக்கும். அவ்வீக்கம் அழுகும்போது அதனுள் இருக்கும் எண்ணற்ற உறங்கு வித்திகள் மண்ணிற் கலக்கும். அவற்றின் தடித்த சுவரை மழையும் வெயிலும் வறட்சியும் எளிதில் வெல்லமாட்டா. கோவா இனச் செடியின் வேர் அருகில் வரும்வரை அவை உறங்கும். பதினைந்து ஆண்டுக்கு மேலும் அவ்வாறு உறங்கி எழுவன உண்டு.

ஒருமுறை நிலத்துட் புகுந்தபின் அதனை அறவே நீக்கும் மருந்து கமக்காரர் கைக்கு எட்டுவதன்று. எனவே வாயிற்காவலே முதற்காப்பாகும். அடுத்த தோட்டத்து மண்வெட்டியை இரவல் வாங்குவோர், அதில் ஒட்டிய மண்ணைக் கழுவாது தம் பாத்தியில் இறக்குவாராயின், ஒருநாள் உதவி பதினைந்து ஆண்டுத் தொல்லையாகலாம். பாதணியின் அடியிலும், உழவு இயந்திரத்தின் சில்லிலும், வேரோடு வாங்கிய நாற்றின் மண்ணிலும், மேற்பாத்தியிலிருந்து வழியும் மழைநீரிலும் அது வரும். வீங்கிய வேரை மாட்டுக்குத் தீனியாக இடினும் வித்தி குடலிற் சாகாது எருவோடு திரும்பி வரும். ஆதலின் அவ்வேர்களை எருக்குழியிலும் இடலாகாது. உலர்த்தி எரித்தல் வேண்டும். தீ ஒன்றே எந்த உறையையும் விட்டுவைப்பதில்லை.

நோய் புகுந்துவிட்ட நிலத்தை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. உறங்கும் வித்தி எழுந்து நீந்தி வேரை அடைய அமிலத்தன்மையும் ஈரமும் மிகுந்த மண்ணே ஏற்றது. மலைநாட்டு மண் இயல்பாகவே அமிலத்தன்மையுடையது. சுண்ணாம்பு அல்லது தொலமைற்று இட்டு மண்ணின் பீஎச் பெறுமானத்தை 7.2 வரை உயர்த்தினால் நோய் தணியும். மண்ணைச் சோதித்து அறியாது சுண்ணாம்பு இடலாகாது. அதே நிலத்தில் அடுத்து உருளைக்கிழங்கு நடுவோருக்குச் சுண்ணாம்பு மிகுதியாற் கிழங்கிற் சொறி நோய் பெருகக்கூடும். மேட்டுப்பாத்தி அமைத்து நீர் வடியச் செய்தல் வேண்டும். கோவா, நோக்கோல், முள்ளங்கி, பூக்கோவா ஆகிய ஓரினப் பயிர்களை மாற்றிமாற்றி நடுவது பயிர்மாற்றம் ஆகாது. வித்திக்கு அவை யாவும் ஒரே உணவு. போஞ்சி, லீக்ஸ், கரட், நெல் என வேறினங்களைப் பல ஆண்டு பயிரிடுவதும், கடுகினக் களைகளை அகற்றுவதும் வேண்டும்.

நாற்றுமேடையிலோ வித்தியைக் கொல்வது கைகூடும். இடம் சிறிதாதலின், மேடையின்மேல் வைக்கோலையும் உமியையும் அடுக்கி எரிக்கலாம். அல்லது நனைத்த மேடையை நிறமற்ற பொலித்தீன் தாளால் மூடி, நான்கு முதல் ஆறு கிழமை கடும் வெயிலில் வேகவிடலாம். தென்மேற்குப் பருவத்திற் கச்சான் காற்று வீசி ஊவா உலர்ந்திருக்கும் மாதங்கள் இதற்கு ஏற்றன. சுத்தமான நாற்று ஒன்றே சுத்தமான தோட்டத்தின் தொடக்கம்.

கமக்காரர் நினைவிற் கொள்ளவேண்டியவை

1. மகரந்தத்தின் உறை வலிது, உயிர் நொய்து. நெல் பூக்கும் காலை வேளையிலும் பூசணியினப் பூ மலர்ந்திருக்கும் வேளையிலும் மருந்து தெளிக்கற்க. தெளிக்க வேண்டின் மாலையிற் செய்க.

2. உயர்நிலத்திற் குடலைப் பருவம் குளிரில் அகப்படுமாயின் வயலில் நீரை உயர்த்தி நிறுத்துக.

3. மெல்லுறை வித்திகளுக்கு வெயிலும் காற்றும் பகை. நெருக்கி நடாது, நிழலைக் கழித்து, இலை விரைவில் உலரச் செய்க.

4. காற்றில் வரும் வித்திகளுக்கு மருந்து முன்காப்பாகவே பயன்படும். முளைக்குழல் எழுமுன் மருந்து இலைமேல் இருக்கவேண்டும்.

5. தடித்த உறையோடு மண்ணில் உறங்கும் வித்திகளை வருமுன் தடுக்க. மண்வெட்டியைக் கழுவுக; நாற்றின் பிறப்பிடத்தை விசாரிக்க; நோய்வேரை எரிக்க.

6. தமது நிலத்திற் கண்ட நோயின் பெயரை மாத்திரம் கேட்டு அமையாது, ‘இதன் வித்தி எங்கே, எவ்வளவு காலம் உயிரோடிருக்கும்?’ என்பதையும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. மருந்தின் பெயரையும் அளவையும் அவர் கூற்றின்படியே கொள்க.

மடுல்சீமையில் அந்தச் செம்மஞ்சள் தூளை முதலிற் கண்டோர் அதன் இயல்பை அறிந்திலர். அறிவிக்கவும் அன்று ஒருவரும் இலர். இன்றைய கமக்காரருக்கு அக்குறை இல்லை. விரலில் ஒட்டிய தூள் எத்தகைய உறையுடையது, எப்போது வாய் திறக்கும் என்பதை அறிந்து, உரிய காலத்திற் செய்வன செய்வாராயின், ஊவாவின் வயலும் தோட்டமும் நலம் பெறும்.